மேலமாசி வீதியில் கிடைத்த பஸ்ஸர் தூண்டில்

மதுரை மேலமாசி வீதிப் பக்கமுள்ள தூண்டில் கடையொன்றில், ட்ரவுட் மீனுக்கென்று தூண்டில் முள்ளில் கையால் கட்டிய பஸ்ஸர் வகைப் போலிப் பூச்சிகளை வாங்கினேன். கடிக்காத கொசுவினத்தின் கூட்டுப்புழு, தோலுரித்துப் பறக்கும் முன் நீர்மட்டத்தின் அடியில் சற்று நேரம் தொங்குவதால் ட்ரவுட்டுக்கு எளிதில் இரையாகிறது. அந்த நிலையைப் போலச்செய்து, மருத்துவர் ஹோவர்ட் பெல் 1920களில் இங்கிலாந்தின் பிளாக்டன் ஏரிக்காக உருவாக்கிய பிளாக்டன் பஸ்ஸர் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று.

கடைக்காரர் கொடுத்தவற்றில், தலைப்பக்கத்து வெண்ணிறச் சுவாச இழைகள் சிறு குஞ்சம்போல் நிமிர்ந்து நிற்கின்றன. கருநூல் உடலின் மீது வெள்ளிநிறக் கம்பி இடைவெளி பிசகாமல் சுற்றப்பட்டு, முள்ளின் வளைவு வரை இறங்குகிறது. புழுவின் தோற்றத்தைத் தருவதே அந்த வளைவுதான் என்பதால், இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. சிலவற்றில் தலைமுடிச்சுக்கு வார்னிஷ் பூசாததால் நூல் பிரிகிறது. வாங்குவோர் நகத்தால் நெருடிப் பார்த்து எடுக்க வேண்டும்.