கான்கூன் பக்கம் எங்கே தங்குவது: நட்சத்திரத்தைப் பார்க்கும் முன் திசையைப் பாருங்கள்

மெக்சிகோவின் கரீபியன் கரைக்கு விமான டிக்கெட் எடுத்த பிறகு வரும் குழப்பம் எல்லோருக்கும் ஒன்றுதான். கான்கூன் ஓட்டல் மண்டலமா, அதற்குத் தெற்கே நீளும் ரிவியேரா மாயாக் கரையில் பெரிய ரிசார்ட்டா, ப்ளாயா தெல் கார்மென் ஊருக்குள்ளேயா, துலுமா, எதிரே இருக்கும் தீவா? முன்பதிவுத் தளங்கள் நட்சத்திரத்தையும் நீச்சல்குளப் படத்தையும் காட்டும். கடற்கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதைக் காட்டாது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

என் ஓட்டு கான்கூன் ஓட்டல் மண்டலத்தின் வடக்குக் கைக்கு. அதாவது குக்குல்கான் பூல்வார்ட் சாலையில் கிலோமீட்டர் 3 முதல் 9 வரை உள்ள பகுதி. புதுப் பளபளப்பு குறைவு, அறைகள் சின்னவை, கரை அகலமும் குறைவு. இருந்தும் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஓட்டல் மண்டலம் என்பது 7 என்ற எண் வடிவில், 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணல் திட்டு. உள்பக்கம் நிச்சுப்தே உப்பங்கழி, வெளிப்பக்கம் கடல். 7இன் மேல்கோடு வடக்கைப் பார்க்கும், நெடுங்கோடு கிழக்கைப் பார்க்கும். இரண்டும் சேரும் மூலைதான் 9ஆவது கிலோமீட்டர் பக்கம் இருக்கும் புந்தா கான்கூன். ஓட்டல் முகவரியிலேயே கிலோமீட்டர் எண் இருக்கும் என்பதால், எந்தக் கோட்டில் இருக்கிறது என்று படம் பார்க்காமலே தெரிந்துவிடும். லாங்கோஸ்தா, தொர்துகாஸ் கடற்கரைகள் மேல்கோட்டில், மர்லின், பாயேனாஸ், தெல்ஃபினெஸ் கடற்கரைகள் நெடுங்கோட்டில்.

திசைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், காரணம் சர்காசம் என்ற கடல்பாசி. மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்று அள்ளும் பாசியின் உறவுக்காரன்தான். அது பாறையைப் பற்றி வளரும், இது எதையும் பற்றாமல் நடுக்கடலில் மிதந்தபடியே பெருகும். 2011இல்தான் கரீபியனுக்குள் இப்படிப் பெருமளவில் வரத் தொடங்கியது. 2015இலும் 2018இலும் மெக்சிகோவின் கரையை மூடியது. 2025 மே மாதத்தில் அட்லாண்டிக்கில் மிதக்கும் சர்காசப் பட்டை முழுவதிலும் சுமார் 3.75 கோடி டன் இருந்ததாக தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. அதுவரை பதிவானதில் அதுவே உச்சம்.

கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் காற்று இதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே கிழக்கு பார்த்த கரைகள் அத்தனையும் நேராக வாங்கிக்கொள்ளும்: கான்கூனின் நெடுங்கோடு, புவெர்த்தோ மொரேலோஸ், ப்ளாயா தெல் கார்மென், அகுமால், துலும், தெற்கே மாஹாவால் வரை. வடக்குக் கைக்கோ ஒருபக்கம் புந்தா கான்கூன் மூலையும் எதிரே இஸ்லா முஹேரெஸ் தீவும் மறைப்பு. பாசியே வராது என்று சொல்ல முடியாது. நாள் கணக்கில் கரை பழுப்பாகிக் கிடக்கும் நிலை அரிது, அவ்வளவுதான்.

பாசி வந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் படத்தை மட்டும் பார்த்துக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கரைசேர்ந்த பாசி இரண்டு நாளில் அழுகத் தொடங்கும். அப்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். கடல்பார்த்த அறை என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருந்தால் பால்கனிக் கதவைத் திறக்க முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது வெறும் நாற்றத்தோடு போகாது. அழுகல் சாறு கலந்து முதல் பத்து இருபது மீட்டர் தண்ணீர் காபி நிறமாகிவிடும். பாசியில் ஒட்டியிருக்கும் மிகச்சிறிய கடலுயிரிகள் தோலில் அரிப்பைக் கொடுக்கும். குழந்தைகள் விளையாடுவது சரியாக அந்த இடத்தில்தான்.

ஓட்டல்கள் சும்மா இருப்பதில்லை. விடியும் முன்பே ஆட்கள் வாருகோலும் தள்ளுவண்டியுமாக இறங்கிவிடுவார்கள். பெரிய இடங்களில் டிராக்டர் ஓடும். கடலுக்குள் மிதவைத் தடுப்பு போட்டிருப்பார்கள், 2019 முதல் மெக்சிகோ கடற்படையும் தடுப்புப் போட்டு படகில் அள்ளுகிறது. ஆனால் அலை எழும்பினால் பாசி தடுப்புக்கு மேலும் கீழுமாக வந்துவிடும். காலை எட்டு மணிக்குச் சுத்தமாக இருந்த மணல் பதினொன்றுக்குள் மறுபடி நிறைந்துவிடுவது உண்டு. இயந்திரத்தால் அள்ளும்போது பாசியோடு மணலும் போகிறது, கரை ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. எனவே “எங்களிடம் தடுப்பும் பணியாளர்களும் உண்டு” என்ற ஓட்டலின் பதிலை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிரமப்படுகிறார்கள் என்று மட்டும் பொருள்.

வடக்குக் கையில் இதைத் தவிர வேறு லாபமும் உண்டு. தண்ணீர் அமைதி, இறங்கும் இடம் மெல்லச் சரியும். நெடுங்கோட்டில் திறந்த கடல் அலை, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு, சிவப்புக்கொடி பறக்கும் நாள்கள் சாதாரணம். கறுப்புக்கொடி என்றால் கடலுக்குள் கால் வைக்கவே கூடாது. நீந்தத் தெரியாதவர்கள் குழுவில் இருந்தால் இது ஒன்றே போதும் முடிவெடுக்க. இஸ்லா முஹேரெஸ் தீவுக்குப் போகும் படகுத்துறையும் தொர்துகாஸ் கரையிலேயே இருக்கிறது. ஆர்1, ஆர்2 பேருந்துகள் சாலையோடு ஓடிக்கொண்டே இருக்கும், சில்லறை பெசோ இருந்தால் கான்கூன் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வரலாம். டாக்ஸிக்காரர் சொல்லும் ஓட்டல் மண்டல விலையைக் கேட்டால் பேருந்தின் அருமை புரியும்.

இனி குறைகள். தொர்துகாஸ் பொதுமக்கள் கரை. வார இறுதியில் உள்ளூர்க் குடும்பங்கள், பாட்டு, ஜெட்ஸ்கி என்று நெரியும். மெக்சிகோவில் எல்லாக் கடற்கரையும் பொதுச்சொத்து, ஓட்டல் வேலி போட்டு ஒதுக்கிவிட முடியாது. படகுப் போக்குவரத்து இருப்பதால் மிதவைக் கோட்டுக்கு உள்ளேயே நீந்த வேண்டும். சில இடங்களில் காலடியில் கடற்புல் தட்டுப்படும். 9ஆவது கிலோமீட்டரை நெருங்க நெருங்க இரவு விடுதிகளின் சத்தம், அதனால் 4க்கும் 8க்கும் நடுவே பார்ப்பது நல்லது.

முக்கியமான விதிவிலக்கு குளிர்காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். உள்ளூரில் அதற்கு நோர்த்தே என்று பெயர். அது வீசும் இரண்டு மூன்று நாளும் மறைப்பில்லாமல் நிற்பது இதே வடக்குக் கைதான். கலங்கல் தண்ணீர், அலை, நீச்சல்குளத்தில்கூட நடுக்கம். அந்த மாதங்களில் பாசியும் குறைவு என்பதால் என் வாதம் அப்படியே தலைகீழாகிவிடும். ஜனவரிக்குப் போகிறவர்கள் நெடுங்கோட்டையோ ப்ளாயாவையோ தாராளமாக எடுக்கலாம், குளத்தில் தண்ணீர் சூடாக்குகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிவியேரா மாயாவின் பெரிய ரிசார்ட்டுகளுக்கு வருவோம். இடத்துக்குப் பஞ்சமில்லை, குளங்கள் ஏழெட்டு இருக்கும், சாப்பாட்டுக்கூடம் பத்து இருக்கும். கரைதான் கிழக்கு பார்த்தது. தவிர, சில வளாகங்கள் சதுப்புக் காட்டுக்குப் பின்னால் கட்டப்பட்டவை. அறையிலிருந்து மணலுக்குப் போக வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். “அறைக்கும் மணலுக்கும் நடந்தால் எத்தனை நிமிடம்?” என்று எழுதிக் கேளுங்கள். குளமே போதும், கடல் பார்க்கக் கிடைத்தால் சரி என்பவர்களுக்கு இவை குறை வைக்காது.

ப்ளாயா தெல் கார்மென் நடந்து திரிய விரும்புகிறவர்களின் ஊர். ஐந்தாம் அவென்யூ முழுக்க நடைபாதை, கடை, சாப்பாடு. கோஸுமெல் படகு ஊருக்குள்ளிருந்தே கிளம்பும், ஊரைச் சுற்றி செனோத்தே என்ற நன்னீர்க் குகைக்குளங்கள். விமான நிலையத்திலிருந்து ஏடிஓ பேருந்தில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். கடற்கரைக்காக மட்டும் இங்கே தங்க வேண்டாம்.

துலும் படத்தில் அழகு. ஊர் ஒருபக்கம், கடற்கரை ஓட்டல்கள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இன்னொரு பக்கம். நடுவில் டாக்ஸி, அதன் கட்டணம் தனிக் கதை. கடற்கரைப் பக்கம் பல ஓட்டல்கள் நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டரில்தான் ஓடி வந்தவை. இரவு ஏசி முழுநேரமும் இருக்குமா, ஜெனரேட்டர் எந்த அறைகளுக்கு அருகில் என்று கேட்காமல் பணம் கட்டக்கூடாது. பாசி இங்கே கடுமை. 2023 டிசம்பரில் துலுமுக்கே விமான நிலையம் வந்தது பயணத்தைச் சுருக்கியிருக்கிறது, கரையை மாற்றவில்லை.

தீவுகளில் இரண்டு உண்டு. கோஸுமெலின் மேற்குக்கரை காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதால் பாசி அநேகமாகத் தொடாது. தண்ணீர் கண்ணாடி. பலன்கார் பவளத்திட்டு பக்கத்திலேயே. முக்குளிப்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். ஆனால் கரை பெரும்பாலும் கூர்ப்பாறை, ஓட்டல் ஏணியில் இறங்கித்தான் கடலுக்குள் போக வேண்டும், ரப்பர் செருப்பு அவசியம். மணலில் வீடு கட்டும் வயதுப் பிள்ளைகளுக்கு அலுப்புத்தட்டும். விமானம் மாலை ஏழுக்குப் பிறகு கான்கூனில் இறங்கினால் கடைசிப் படகைப் பிடிப்பது சந்தேகம், அன்றிரவு ப்ளாயாவில் தங்கல் செலவும் சேரும்.

இஸ்லா முஹேரெஸின் ப்ளாயா நோர்த்தே வடக்குக் கைக்கு நேர்ப் போட்டி. இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகும், மணல் மாவு மாதிரி. நண்பகலில் ஒருநாள் பயணிகள் குவிவார்கள், மாலைப் படகில் அவர்கள் போன பிறகு கரை அமைதியாகிவிடும். இருவர் மட்டும் போவதென்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். குடும்பத்தோடு என்றால் சின்ன ஓட்டல்களில் இணைந்த அறைகள் கிடைப்பது கஷ்டம், பெட்டிகளோடு படகேறுவதும் தொல்லை.

சாப்பாடும் மதுவும் அறைக் கட்டணத்திலேயே எல்லாம் அடங்கிய திட்டம் வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. தனித்து நிற்கும் ரிசார்ட்டில் வேறு வழியில்லை. கான்கூனிலும் ஊர்களிலும் காலை உணவோடு அறை மட்டும் எடுத்தால் போதும். மது தொடாத குடும்பம் அடங்கிய திட்டத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு, பிறர் குடிப்பதற்குப் போகிறது. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பீன்ஸ் மசியல் பன்றிக்கொழுப்பில் வதக்கப்பட்டிருக்கலாம், சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம். “சின் மன்தேகா, சின் கால்தோ தே போயோ” (பன்றிக்கொழுப்பு இல்லாமல், கோழிச்சாறு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். பஃபேயில் நிற்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது, சமையல் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஓட்டலின் விமர்சனங்களைத் தேதிவாரியாக அடுக்கி, நீங்கள் போகும் அதே மாதத்தில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் விருந்தினர் போட்ட படங்களை மட்டும் பாருங்கள். இந்தக் கரை இருக்கும் கின்தானா ரோ மாநிலத்தின் சர்காசம் கண்காணிப்பு வலையமைப்பு அன்றாடம் வரைபடம் வெளியிடுகிறது, கரைவாரியாக நிறம் போட்டிருக்கும். தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மாதாந்திர அறிக்கையும் உண்டு. ஆனால் மூன்று மாதம் முன்பே ஒரு குறிப்பிட்ட வாரத்தை யாராலும் கணிக்க முடியாது, அதனால் கடைசி வாரம்வரை ரத்து செய்யக்கூடிய கட்டணத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. பயணக் காப்பீடு பாசியை வழக்கமாக ஏற்காது. சூறாவளியை ஏற்கும், புயலுக்குப் பெயர் வைக்கும் முன் காப்பீடு எடுத்திருந்தால். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

சில ஓட்டல்கள் “பாசி உத்தரவாதம்” என்று விளம்பரம் செய்கின்றன. சின்ன எழுத்தைப் படித்தால், பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. அதே குழுமத்தின் வேறொரு கரைக்குப் பேருந்தில் கூட்டிப்போவார்கள். அப்படிக் கூட்டிப்போகும் கரை எது என்று கேட்டுப் பாருங்கள்.

ஓட்டலில் சேரும்போது இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுச்சூழல் கட்டணம் தனியாக வாங்குவார்கள், அது மோசடி அல்ல, நகராட்சி விதித்தது. மோசடிக்குப் பக்கத்தில் வருவது இன்னொன்று: விமான நிலையச் சுங்கம் தாண்டியதும் “எந்த ஓட்டல்?” என்று சீருடையில் நின்று கேட்பவர்கள் உங்கள் வண்டிக்காரர்கள் அல்லர், டைம்ஷேர், அதாவது ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையை, விற்பவர்கள். ஓட்டலிலும் இலவசக் காலைச் சாப்பாடு, தள்ளுபடிச் சுற்றுலா என்று 90 நிமிடம் உட்காரக் கூப்பிடுவார்கள், அது எளிதில் அரைநாளைத் தின்றுவிடும். தவறிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்ய மெக்சிகோ சட்டம் இடம் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் அந்த ஐந்து நாள் உங்களுடையது, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.