தென்னந்தோப்பில் புல்வெட்டி வண்டி: கழுவுவதைக் குறைத்தால் ஆயுள் கூடும்

ஆனைமலைப் பக்கம் உள்ள எங்கள் தோப்பில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 25 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்கு நடுவே மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் விட்டால் மேல்வேர்கள் அறுபடும். புல்லை வெட்டி அங்கேயே போட்டால் மண்ணை மூடிக் காக்கும் மூடாக்காகும். இந்தக் கணக்கில்தான் வாங்கினேன், கணக்கு பொய்க்கவில்லை. பராமரிப்பில் நான் கண்டது இதுதான்: வேலை செய்து தேய்ந்ததைவிட, வேலை முடிந்தபின் ஒட்டிக்கிடந்த புல்லாலும் தூசியாலும் தண்ணீராலும்தான் இந்த வண்டி அதிகம் கெடும்.

நம் பக்கத்தில் எந்த வண்டி வயலிலிருந்து வந்தாலும் போர் மோட்டாரைப் போட்டுக் குழாயைத் திருப்பிவிடுவது வழக்கம். வண்டியை ஓட்டும் தம்பி முதல் வாரமே, "தண்ணீர் அடித்துவிடட்டுங்களா அண்ணா?" என்று குழாயோடு வந்து நின்றார். சூடான எஞ்சின் மீது குளிர்ந்த நீர் படுவது நல்லதல்ல. பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங்குக்குள் அழுத்தத்தோடு நீர் புகுந்தால் கிரீஸ் கரைந்து, சில மாதங்களில் கரகரவென்று சத்தம் கேட்கும். பிளேடை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டை டெக் என்பார்கள். அதன் மேலேயே குழாய் செருகிக் கழுவும் வசதி எங்கள் வண்டியில் உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசர் பெரும்பாலான தோட்டங்களில் இருக்கிறது, அது போதும். எஞ்சின் ஆறியதும் மேலிருந்து கீழாகக் காற்றடித்து, பெல்ட் ஓடும் இடத்தில் சேர்ந்த தூசியையும் தென்னை நாரையும் வெளியேற்றுகிறோம். பேரிங் சீலை நோக்கி மட்டும் நேராக அடிப்பதில்லை.

டெக்கின் அடிப்பக்கத்துக்குத்தான் நேரம் அதிகம் தேவை. ஜூன் மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் வந்துவிட்டால் இங்கே புல் காய்வதே இல்லை. ஈரப்புல் அடித்தகட்டில் அப்பி, இரண்டு நாளில் பசைபோல் இறுகி, உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டை அரிக்கும். புல்லைத் தூக்கி வீசும் காற்றோட்டமும் அடைபடுவதால் வெட்டு திட்டுத்திட்டாக விழும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கனமான மரக்கட்டை முட்டுக் கொடுத்தபிறகே கீழே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. மரத்துண்டால் சுரண்டினால் பெயின்ட் உரியாது. சிலர் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுகிறார்கள். அதில் செம்மண் ஒட்டி இன்னொரு அடுக்காகிவிடும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை. மழைக்கு முன் ஒருமுறை துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்புப் பெயின்ட் அடிப்பது மேல்.

கையேட்டில் குளிர்காலச் சேமிப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்கு எழுதியது. நமக்கு வண்டி சும்மா நிற்பது பங்குனி, சித்திரை வெயிலில். அப்போது பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுகிறேன். பெட்ரோல் விஷயம் இன்னும் முக்கியம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பெரும்பாலான சிறு எஞ்சின் கையேடுகள் அனுமதிப்பது 10 விழுக்காடு வரைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை உப்பவைக்கும், நாள்பட நின்ற பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின் கட்டும். ஆகவே ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவே வாங்குகிறோம். நிறுத்தி வைக்குமுன் எரிபொருள் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறோம். கார்புரேட்டர் கழற்றும் செலவு இதனாலேயே அபூர்வமாகிவிட்டது.

எஞ்சின் ஆயிலைக் கையேடு சொல்வதுபோல் முதலில் 5 மணி நேரத்திலும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றலாம். தூசி கூடுதலான நாட்களில் அதற்கும் முன்பே மாற்றுகிறேன். ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். கையேடு சொன்னால் மட்டும் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழியலாம். உள்ளே இருக்கும் காகித ஃபில்டரைத் தட்டத்தான் வேண்டும். அலசினாலோ பலமாகக் காற்றடித்தாலோ அது வீண். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, குளிரூட்டும் தகடுகளுக்கிடையே பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. எலி அங்கே நாரைக் கொண்டுவந்து மெத்தை போட்டுவிடும். சூடு வெளியேறாமல் எஞ்சின் இழுவை குறையும்போது, பாவம், பெட்ரோலைக் குறை சொல்வோம்.

ஓட்டுவதற்கு முன் மட்டையையும் விழுந்த காயையும் பொறுக்கிவிட வேண்டும். பிளேடு தேங்காயில் மோதினால் ஸ்பிண்டில் கம்பியே வளையும். சாணை பிடிக்கும்போது முனை நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் இரும்பின் பதம் போய்விடும். பிடித்தபின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமநிலை இல்லாத பிளேடின் அதிர்வு பேரிங்கையும் டெக்கின் வெல்டிங்கையும் சேர்த்தே வாங்கிவிடும்.

உதிரிபாகத்தில் கோவைக்காரர்களுக்குப் பாதி கவலை இல்லை. எங்கள் வண்டியின் ஸ்பிண்டில் பேரிங் 6203, பம்பு மோட்டார்களில் போடும் அதே அளவு. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். பெல்ட் அப்படியல்ல. அளவு பொருந்துகிறதென்று சாதாரண மோட்டார் பெல்டைப் போட்டால், பிளேடை இணைக்கும்போதெல்லாம் வழுக்கிச் சூடாகி விரைவில் அறுந்துபோகும். விலை கூடுதலானாலும் அதற்கென்றே செய்த பெல்டையே வாங்குங்கள், ஒன்றைக் கையிருப்பாகவும் வைத்திருங்கள். மழை பிடித்து புல் முழங்காலைத் தொடும் நேரத்தில் வெளியூரிலிருந்து பெல்ட் வர இரண்டு வாரமாகலாம்.