கணினி நடத்திய சண்டை: அலி–மார்சியானோ ‘சூப்பர் ஃபைட்’ ஒளிப்பதிவுக்கு ஒரு மதிப்புரை

குத்துச்சண்டை வீரர்களான முகம்மது அலியும் ராக்கி மார்சியானோவும் தத்தம் உச்சக் காலத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்விக்குக் கணினியிடம் விடை கேட்டு, இருவரையும் நடிக்கவைத்து எடுக்கப்பட்ட ‘சூப்பர் ஃபைட்’, 1970 ஜனவரி 20 அன்று திரையரங்குகளில் காட்டப்பட்டது. ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையின் பொற்காலத்தை ‘இப்படி நடந்திருந்தால்’ என்று எண்ணிப் பார்ப்பதில் விருப்பமுள்ளவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். ஆனால், படம் எந்த விடையைத் தருவதாகச் சொல்கிறதோ அந்த விடைக்காக அல்ல.

அமெரிக்காவில் காட்டப்பட்ட பிரதியில் 13ஆம் சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்துகிறார். ஐரோப்பாவில் காட்டப்பட்டதிலோ, மார்சியானோவின் முகத்தில் உண்டான வெட்டுக்காயங்களால் சண்டை நிறுத்தப்பட்டு அலி வெல்கிறார். பார்ப்பவரின் கண்டத்துக்கேற்ப மாறும் தீர்ப்பைக் கணக்கின் முடிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. தயாரிப்பாளர் மரே வொரோனர் 1967இல் வானொலியில் நடத்திய கணினிப் போட்டித் தொடரின் தீர்ப்பும் சர்ச்சைக்குள்ளானது. அதில் பழங்கால வீரர் ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட அலி, பத்து லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் சமரசத்தையொட்டியே அவர் இப்படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார்.

மியாமியில் 1969இல் படப்பிடிப்பு நடந்தபோது மார்சியானோவுக்கு வயது 45. ஆடிய 49 சண்டைகளிலும் வென்று 1956இல் ஓய்வுபெற்றிருந்த அவர், இதற்காகப் பெருமளவு எடையைக் குறைத்து, பொய்முடி அணிந்து மீண்டும் வளையத்துக்குள் இறங்கினார். குனிந்து நெருங்கி, எதிராளியின் விலாவில் இடைவிடாமல் குத்தும் அவருடைய பழைய முறையின் சாயலை இதில் காணலாம். அந்த முறையின் அழுத்தத்தைக் காண முடியாது. குத்துகள் பெரும்பாலும் அடக்கியே வீசப்படுகின்றன. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்த மார்சியானோ, பலவாறாகப் படமாக்கப்பட்ட முடிவுகளில் எது திரைக்கு வரும் என்பதை அறியாமலே போனார். அதை அறிந்தபின் அவருடைய காட்சிகளைக் கனத்த மனத்தோடுதான் பார்க்க முடிகிறது.

என் பார்வையில் இந்த ஒளிப்பதிவின் உண்மையான மதிப்பு அலியின் கால்களில் இருக்கிறது. வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை 1967 ஏப்ரலில் மறுத்ததற்காக உரிமமும் பட்டமும் பறிக்கப்பட்ட அவர், 1970 அக்டோபர் வரை எந்தத் தொழில்முறைச் சண்டையிலும் ஈடுபட முடியவில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வரையிலான அந்த மூன்றரை ஆண்டுகளே ஹெவிவெயிட் வரலாற்றின் மிகப் பெரிய இழப்பு என்று நான் நம்புகிறேன். அந்த வெற்றிடத்தின் நடுவில், 27 வயது அலி கையுறையோடு வளையத்தில் வட்டமிடும் அரிய காட்சி இது. நடிப்புக்காக நிகழ்ந்த சண்டை என்றாலும், பின்வாங்கியபடியே இடது கையை நீட்டும் அந்த எளிமை நடிப்பல்ல.

ஆகவே, வெவ்வேறு தலைமுறை வீரர்களை மோதவிடுவதைக் காட்டிலும், அந்த மூன்றரை ஆண்டுகள் பறிபோகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியையே படம் எனக்குள் எழுப்பியது. 1968 மார்ச்சில் பஸ்டர் மேத்திஸை வென்று நியூயார்க் மாநிலம் அங்கீகரித்த ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்ற ஜோ ஃபிரேசியர், அதே ஆண்டில் அலியைச் சந்தித்திருந்தால், 1971 மார்ச் 8 அன்று 15ஆம் சுற்றில் அலியைத் தரையில் வீழ்த்திய அந்த இடதுகைக் கொக்கிக் குத்து இலக்கை எட்டியிருக்குமா? எட்டியிருக்காது என்பதே என் எண்ணம், ஃபிரேசியரின் மீது எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறையாமலே இதைச் சொல்கிறேன்.

இதைப் பார்க்க விரும்புவோர், 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை அலி மூன்றே சுற்றுகளில் வென்ற சண்டையை முதலில் பார்த்துவிட்டு, இந்தப் படத்தை நடுவில் வைத்து, 1970 அக்டோபரில் அட்லாண்டாவில் ஜெரி குவாரியுடன் அவர் மோதிய சண்டையை இறுதியில் பார்க்கலாம். மூன்றிலும் கைகளை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் கவனியுங்கள்.