தண்டையார்பேட்டை மாடி டியூஷன்: கிட்னிக்குப் போகலாம், மூளைக்கு யோசிக்கணும்

பி.ஃபார்ம் முதல் வருடத்தில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும் பாடம் ஹெச்.ஏ.பி.தான், அதாவது மனித உடலமைப்பும் அது வேலை செய்யும் விதமும் (ஹியூமன் அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி). இரண்டு செமஸ்டருக்கும் நீளும், ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 75, இன்டர்னல் 25. பிளஸ் டூவில் பயாலஜி இல்லாத கணக்கு குரூப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் பாடு இன்னும் திண்டாட்டம். என் தம்பி அந்த ரகம். அவனை இந்த டியூஷனில் சேர்த்துவிடப் போனவன், பாடம் எடுக்கும் சார் சம்மதித்ததால் சில வகுப்புகளில் பின்வரிசையில் நானும் உட்கார்ந்தேன். ராயபுரத்தில் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்கிற எனக்கும் அது உபயோகமாகத்தான் இருந்தது.

இடம் தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். செங்குத்தான படி, ஏசி கிடையாது, டி.எச். ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் சார் பேசுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். இதற்கெல்லாம் நான் மார்க் குறைக்கவில்லை.

சிறுநீர் மண்டலம் எடுத்த அன்று கறிக்கடையிலிருந்து ஆட்டுக் கிட்னி வாங்கி வந்து நீளவாக்கில் பிளந்து காட்டினார். வெளியே கார்டெக்ஸ், உள்ளே மெடுல்லா, இரண்டுக்கும் நிற வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் போர்டில் கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாயான நெஃப்ரானைப் பெரிதாக வரைந்து, சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகளின் தீர்ந்துபோன அட்டைகளை செல்லோடேப் போட்டு ஒட்டினார். லாசிக்ஸ் அந்தக் குழாய் நடுவில் வளையும் ஹென்லே வளைவின் ஏறுமுகத்தில், தயசைடு அதைத் தாண்டி, ஆல்டாக்டோன் கடைசியில் சிறுநீர் சேரும் கலெக்டிங் டக்ட் பக்கம். ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது, வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர் போல, மிச்சமெல்லாம் எங்கெங்கே திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். போய் முடித்ததும் ஒரு கேள்வி: “லாசிக்ஸும் ஆல்டாக்டோனும் சிறுநீரைத்தான் கூட்டுது, லாசிக்ஸ்காரருக்கு மட்டும் டாக்டர் எதுக்குய்யா பொட்டாசியம் சிரப் எழுதுறாரு?” முன்னது பொட்டாசியத்தை வெளியேற்றும், பின்னது பிடித்து வைக்கும் என்று பிள்ளைகளே போர்டைப் பார்த்துச் சொன்னார்கள். கவுன்டருக்கு வரப்போகிறவர்களுக்கு இப்படித்தான் சொல்லித்தர வேண்டும். மருந்து எங்கே போய் வேலை செய்கிறது என்று தெரியாமல் உறுப்பின் பாகங்களை மட்டும் ஒப்பிப்பவன் நாளைக்குச் சீட்டைப் பார்த்தால் முழிப்பான்.

இதயமும் அப்படியே, நுரையீரலோடு சேர்த்து எடுத்தார். மருந்து போய் ஒட்டும் ரிசெப்டர்களில் இதயத்தில் பீட்டா 1, மூச்சுக்குழாயில் பீட்டா 2, புரோப்ரனலால் மாத்திரை இரண்டையும் அடைக்கும், அதனால் மைக்ரேனுக்கு அந்தச் சீட்டோடு வருபவரிடம் வீசிங் உண்டா என்று ஒரு வார்த்தை கேள் என்றார். அதைக் கேட்காமல் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நரம்பு மண்டலம் வந்ததும் அதே மனிதரா என்று சந்தேகம் வந்துவிட்டது. மூளையிலிருந்து கிளம்பும் கிரேனியல் நரம்பு 12-ஐயும் வரிசையாக எழுதச் சொல்லி, மனப்பாடம் பண்ணு என்று முடித்துவிட்டார். நாளமில்லாச் சுரப்பிகளும் ஓட்டம்தான், இன்சுலின் மட்டும் கொஞ்சம் நின்று எடுத்தார். பிராக்டிகலுக்கு இங்கே ஒன்றும் கிடையாது. ரத்த வகை, ஹீமோகுளோபின், பி.பி. பார்ப்பதெல்லாம் காலேஜ் லேபில் கற்றால்தான் உண்டு.

ஃபீஸ் மாதம் 1500, அந்த நெஃப்ரான் வகுப்புக்கே தகும். ஆனால் நான் சொன்னதெல்லாம் சனி, ஞாயிறு பேட்ச். வார நாள் மாலையில் வேறொருவர் வருகிறார், பிபிடி ஸ்லைடை அப்படியே வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார், ஃபீஸ் மட்டும் அதேதான். யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். ரசீது அவர்களாகத் தர மாட்டார்கள், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.