களியக்காவிளையில் கால்பந்துக்கு முன்வரிசை தரும் ஒரு கடை

களியக்காவிளைச் சந்தையிலிருந்து கேரள எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கும் இந்த விளையாட்டுப் பொருள் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நம் நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இப்படிப்பட்ட கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கிரிக்கெட் மட்டைகளின் வரிசைதான். 1983இல் கபில்தேவ் தலைமையிலான அணி உலகக் கோப்பையை வென்ற பிறகு ரசிகர்களின் ஆர்வமும் விளம்பரப் பணமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதால், கடைக்காரர்களையும் குறை சொல்வதற்கில்லை. இங்கோ வாசலை ஒட்டிய தட்டுகள் முழுவதும் கால்பந்துகள் நிறைந்திருக்க, மட்டைகள் உள்ளறையில் இருக்கின்றன. தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என நீளும் கடலோர ஊர்களும், எல்லைக்கு அப்பால் பொழியூரும் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடும் ஊர்கள் என்பதை அறிந்து அடுக்கப்பட்ட கடை இது. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்று ஆடியவர்.

பந்து வாங்க வருபவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, எவ்வளவு பணத்தில் வேண்டும் என்பதை அல்ல, எங்கே வைத்து விளையாடப் போகிறீர்கள் என்பதைத்தான். கடற்கரை மணலா, பள்ளி மைதானத்துச் செம்மண்ணா, வாடகைக்கு எடுக்கும் செயற்கைப் புல்தரையான டர்ஃபா என்று தெரிந்த பிறகே தட்டில் கை வைக்கிறார். செம்மண்ணிலும் சரளையிலும் உருளும்போது தையல் நூல் விரைவில் தேய்ந்து அறுந்துவிடும் என்பதால், அத்தகைய தரைக்கு அச்சில் வார்த்த ரப்பர் பந்தே போதும் என்று சொல்லிவிடுகிறார். விலை கூடியதைத் தலையில் கட்டுவதில்லை. போட்டிக்கென்று கேட்டால், 20 அறுகோணங்களும் 12 ஐங்கோணங்களுமாகக் கையால் தைத்த பந்தை எடுத்துக் காற்றடித்து, சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று நாடாவால் அளந்து, எடை 410 முதல் 450 கிராமுக்குள் நிற்கிறதா என்பதையும் தராசில் காட்டிவிட்டு, கண்ணாடி மேசையின்மேல் சுழற்றிவிடுகிறார். தையல் ஒரு பக்கமாக இழுத்திருந்தால் பந்து தள்ளாடும். அப்படித் தள்ளாடிய ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

அவர் விற்கும் தைத்த பந்துகள் பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து வருபவை. 1947இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர்கள் அந்நகரில் வேரூன்றச் செய்த தொழில் அது. அவர்கள் தைத்த பந்தைத் திரும்பத் தைத்துக் கொடுக்கவும் இந்தக் கடையில் ஆள் இருப்பதையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். ஓரத்துத் தையலைப் பிரித்து, உள்ளே காற்றைத் தாங்கும் ரப்பர் பையான பிளாடர் ஓட்டையாகியிருந்தால் அதை உருவி எடுத்துப் புதியதைப் பொருத்தி, மெழுகிட்ட நூலால் பழைய துளைகளிலேயே இழுத்துத் தைக்கிறார்கள். பியூட்டைல் பிளாடர் போட்டால் காற்று நீண்ட நாள் நிற்கும் என்றும், லேடெக்ஸ் போட்டால் துள்ளல் மென்மையாக இருந்தாலும் அடிக்கடி காற்றடிக்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கி, முடிவை நம்மிடமே விடுகிறார்கள். காற்றடிக்கும் ஊசியைக் கிளிசரினில் தொட்டு வால்வில் நுழைக்க வேண்டும், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும் என்று அங்கே வரும் சிறுவர்களுக்குக்கூடப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். கிழிந்ததைத் தூக்கி எறியச் சொல்லிப் புதியதை விற்பது வணிகத்துக்கு எளிது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளின் குழுவுக்கு ஒரு பந்து இன்னொரு பருவம் உழைத்தால் அது பெரிய உதவி.

தமிழிலும் மலையாளத்திலும் தடையின்றிப் பேசுகிறார்கள். பில் கேட்காமலே தருகிறார்கள். அணிக்கு ஜெர்சி அச்சிடுவதானால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. விடுமுறைக் காலத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகள் தொடங்கிவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது.

குறைகளும் உண்டு. ஒலிம்பிக்கில் 8 முறை தங்கம் வென்ற நாட்டில் ஒரு ஹாக்கி மட்டைகூட இங்கே இல்லை. மாஸ்கோவில் 1980இல் வென்ற அணிக்கு வாசுதேவன் பாஸ்கரன் என்ற தமிழரே தலைவராக இருந்தார் என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஹாக்கியைக் கொண்டாடும் கோவில்பட்டி போன்ற ஊர் அருகில் இல்லாதபோது, விற்காத சரக்கை வாங்கி வைக்கச் சொல்வதும் நியாயமல்ல.

பெண்களுக்கான பூட்ஸ் இல்லாததை மட்டும் என்னால் அப்படி ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியைத் தமிழ்நாடு 2018இலும் 2023இலும் வென்றிருக்கிறது. இந்தப் பகுதிப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அவர்களுக்கு ஆண்களின் சிறிய அளவை எடுத்து, முன்பக்கம் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பாதத்தைவிட அகலமான பூட்ஸில் குதிகால் நழுவித் தோல் உரிந்துபோகும். திரும்பி ஓடும்போது கணுக்காலும் பிசகும். தரை எது என்று கேட்டுப் பந்தைத் தேர்ந்து கொடுக்கும் கடைக்காரர் பாதத்தையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன். கேட்டு வருபவர்கள் குறைவு என்கிறார். ஆகவே மகளுக்கோ தங்கைக்கோ வாங்கப் போகிறவர்கள், இல்லை என்று தெரிந்தாலும், பெண்கள் அளவு வேண்டும் என்று கேட்டுவிட்டே வாருங்கள்.