ஐந்துக்கு மூன்றரை: ஒரு கடன் ஆலோசனை மையம்

அச்சகத்தில் பைண்டிங் வேலை எனக்கு. பீஸ் ரேட், முடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. பாடப்புத்தக சீசனில் கை ஓயாது; மற்ற மாதங்களில் எப்போது கூப்பிடுவார்கள் என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை இல்லாத மாதங்களைக் கிரெடிட் கார்டு தாங்கியது, வேலை வந்ததும் கார்டை அடைத்தேன். கொஞ்ச காலம் இப்படி ஓடியது. அப்புறம் அச்சகத்தில் வேலை குறைந்தது, அடைப்பது நின்றது. நாலு கார்டு, நாலும் லிமிட்டைத் தொட்டாயிற்று. ஒன்றிலிருந்து பணம் எடுத்து இன்னொன்றின் மினிமம், அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, கட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் இந்த மையத்துக்குப் போனேன்.

லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை மையம். பெயரைப் போடவில்லை. இதே மாதிரி மையங்கள் பல நாடுகளில் இருக்கின்றன, வேலை செய்யும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றுக்குள் நுழைந்தால் என்ன கிடைக்கும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்தால் போதும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் சந்திப்புக்கு உபதேசம் கேட்கத் தயாராகத்தான் போனேன். தேவையில்லாததை வாங்காதே, பட்ஜெட் போடு, இந்த வகையறா. எனக்கு ஒதுக்கியிருந்த ஆலோசகர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயதான அம்மா. நான் கொண்டுபோயிருந்த ஸ்டேட்மென்ட்களை வாங்கி, அச்சகத்தில் ஃபாரம் அடுக்குகிற மாதிரி தேதிவாரியாக அடுக்கி ஓரமாக வைத்துவிட்டார். "கார்டு அப்புறம் பாக்கலாம்மா. வாடகை எவ்வளவு? கரன்ட்? வீட்ல யாராவது தினம் மருந்து சாப்பிடறாங்களா? வேலைக்குப் போக வர என்ன ஆகும்?" இந்த வரிசையில் கேட்டார். அடுத்த கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "போன வருஷத்துல ரொம்ப மோசமான மாசம் எது?"

நான் சராசரி சொல்லத் தயாராக இருந்தேன். அவர் சராசரியை வாங்கவில்லை. கூலி ஏறி இறங்குகிறவர்கள் சராசரியில் திட்டம் போட்டால் வறண்ட மாதத்தில் தவணை தவறும், தவறினால் லேட் ஃபீஸ், சில சமயம் பேசி வாங்கிய வட்டிச் சலுகையும் போய்விடும் என்றார். மோசமான மாதத்தின் வருமானத்தில் வாடகை முதலானவற்றைக் கழித்து, மிச்சம் எவ்வளவோ அதுதான் கார்டுகளுக்கு. நல்ல மாதத்தில் கூட வருவதை அதற்கு மேல் போடலாம், ஆனால் அதை யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதுவரை கார்டு கம்பெனி கேட்கும் தொகையில் ஆரம்பித்து, சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கணக்கைத் தலைகீழாகப் போட்டது ஒன்றுக்காகவே இந்த மையத்துக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது மினிமம் பேமென்ட் கணக்கு. மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீராது என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று யாரும் காட்டியதில்லை. அந்த அம்மா ஒரு தாளில் போட்டுக் காட்டினார். கடன் 100, மாத வட்டி 2 சதவீதம், மினிமம் பாக்கியில் 5 சதவீதம், புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஏறக்குறைய 5 கட்டுகிறோம். பாக்கி குறையக் குறைய அவர்கள் கேட்கும் மினிமமும் குறைகிறது, நாமும் சந்தோஷமாகக் குறைத்தே கட்டுகிறோம். 26 மாதம் கழித்துப் பார்த்தால் இன்னும் 44 நிற்கிறது. இதே ஆள், ஸ்டேட்மென்ட் என்ன கேட்டாலும் சரி, முதல் மாதம் கட்டிய அந்த 5-ஐக் குறைக்காமல் கட்டிக்கொண்டே வந்திருந்தால் 26-வது மாதத்தில் கடனே இல்லை. மினிமம் 2.5 சதவீதமாக இருக்கும் கார்டென்றால் பாதிக் கடன் கரையவே 10 வருஷத்துக்கு மேல் ஆகும். நம்பாமல் வீட்டுக்கு வந்து ஃபோன் கால்குலேட்டரில் நானே தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக எதையாவது வாங்கினால், டியூ தேதி வரை வட்டி போடாமல் விடும் அந்தக் கெடு பல கார்டுகளில் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் கார்டைப் போட்டு எடுக்கும் பணத்துக்குக் கட்டணமும் உண்டு, பெரும்பாலும் அன்றே வட்டியும் ஓடத் தொடங்கும். ஒன்றில் எடுத்து இன்னொன்றில் கட்டும் வித்தை எவ்வளவு செலவு வைக்கிறது என்பது அந்தத் தாளில் எழுதியபோதுதான் தெரிந்தது.

எந்தக் கார்டை முதலில் முடிப்பது என்பதில் எங்களுக்குள் சின்னத் தகராறு. வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் மொத்தச் செலவு குறையும், கணக்குப்படி அதுதான் சரி என்றார். நான் பாக்கி குறைவானதை முதலில் எடுத்தேன். மனத்தெம்புக்காக அப்படிச் செய்வார்கள் என்று சொல்வது வழக்கம். என் காரணம் வேறு. ஒரு கார்டு முடிந்தால் மாதத்துக்கு ஒரு மினிமம் விடுபடும், ஒரு டியூ தேதி குறையும், வசூல் ஆள் ஒருவரின் ஃபோன் நிற்கும். கையில் இருப்பது சொற்பம் என்கிறபோது, விடுபடும் அந்த மினிமம்தான் வறண்ட மாதத்தில் மூச்சு. அவர் யோசித்துவிட்டு, "உங்க கைக்கு இது சரிதான்" என்று திட்டத்தை மாற்றி எழுதினார். தன் கணக்கை விட்டுக்கொடுக்கத் தெரிந்த ஆலோசகர் கிடைப்பது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அவரே வாய்ப்பார் என்று சொல்ல முடியாது.

இப்போது ஃபோன். மையத்தின் ஆகச் சிறந்த சேவை இதுதான், ஆனால் அவர்களுடைய விளம்பரத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் போட்டு நானே கார்டு கம்பெனிகளைக் கூப்பிட்டேன். வருமானம் குறைந்துவிட்டது என்று தவணை தவறுவதற்கு முன்பே சொன்னால் வட்டியைக் குறைக்கவோ, லேட் ஃபீஸை விடவோ, பாக்கியை நிலையான தவணையாக மாற்றவோ பல கம்பெனிகளிடம் ஏற்பாடு இருக்கிறது. நாமாகக் கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். நான் தடுமாறும் இடத்தில் அந்த அம்மா துண்டுத் தாளில் எழுதி நகர்த்துவார்: "தொகையை மட்டும் சொல்லுங்க." "எழுத்தில் அனுப்பச் சொல்லுங்க." "இன்னைக்கு ஒத்துக்க வேண்டாம்." இரண்டு கம்பெனி வட்டியைக் குறைத்தது, ஒன்று தவணையாக மாற்றியது, நாலாவது முடியாது என்றுவிட்டது. எழுத்தில் வந்த பிறகுதான் முதல் பணம் கட்ட வேண்டும் என்பதில் அவர் கறார். பேசியவர் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். அந்த நோட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் வசூல் ஆட்களின் குரலே ஒரு படி இறங்குகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சும்மா கிடைக்கிற ஆலோசனையாயிற்றே, இவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று நேராகவே கேட்டேன். மழுப்பவில்லை. ஒரு பங்கு நன்கொடை, ஒரு பங்கு கடன் கொடுத்த நிறுவனங்களே தரும் தொகை என்றார். பல நாடுகளில் இந்த மாதிரி மையங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இவர்கள் போடும் திட்டம் பொதுவாக வட்டியைக் குறைக்கும், கட்டணத்தை விலக்கும். அசலைக் குறைக்கச் சொல்லி யாருடனும் மல்லுக்கட்டாது. முழு அசலையும் நாம்தான் கட்டுகிறோம், பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள். பெரும்பாலும் கார்டுகளையும் மூடச் சொல்வார்கள்.

என் முக்கியக் குறையும் இங்கேதான். மாதக் கடைசியில் ஏதாவது மிஞ்சுகிறவர்களுக்கான இடம் இது. ஒன்றுமே மிஞ்சாதவர்களிடம் என்ன பேசுவது என்று இவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசையில் ஓர் அண்ணனின் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள்; வாடகையும் மருந்தும் போக மைனஸில் நின்றது. (தடுப்பு வெறும் பிளைவுட். நாம் பேசுவது அவர்களுக்கும் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்கும். கடனைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு கதவு போட முடியாதா?) சட்டப்படி திவால் கேட்பது ஒரு வழி, ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்று அவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். செலவை இன்னும் குறைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மருந்தில் எதைக் குறைப்பது? உங்கள் கணக்கு மைனஸ் காட்டினால் இலவசச் சட்ட உதவியை முதலில் தேடுங்கள், இங்கே இரண்டாவதாக வரலாம்.

மையத்தில் வாரம் ஒரு மாலை ஆதரவுக் குழுவும் நடக்கிறது. வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். சில மாலைகள் உபயோகம், சில மாலைகள் ஒருவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார், நடத்துகிற பையனுக்கு நிறுத்தத் தெரியாது. ஆனால் வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத தொகையை அங்கே சொன்னபோது யாரும் "அவ்வளவா!" என்று கேட்கவில்லை. ஓர் அக்கா, "எத்தனை சதவீதத்துல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே திரும்பத் திரும்பப் போனேன்.

அந்த அக்காதான் டெட்டர்ஸ் அனானிமஸ் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய அமைப்பு, குடிநோயாளிகளுக்கான குழுக்களின் பன்னிரண்டு படி முறையைக் கடனுக்குக் கொண்டுவந்தவர்கள். கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவும் கூட்டங்கள் உண்டு. இரண்டு உறுப்பினர்கள் ஒருவருடன் உட்கார்ந்து வரவு செலவைப் பார்த்துத் திட்டம் போட்டுத் தரும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. கம்பெனிகளிடம் நமக்காகப் பேச மாட்டார்கள். இறைசக்தி என்ற பேச்சு நிறைய வரும், எனக்கு அது ஒட்டவில்லை. அந்த அக்காவுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆலோசகரும் குழுவும் வெவ்வேறு வேலை செய்கிறார்கள், ஒன்று கிடைத்தால் இன்னொன்று வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை.

கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று ஃபோனில் கூப்பிடும் செட்டில்மென்ட் கம்பெனிகளோடு இந்த மையத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எனக்கும் ஒன்று வந்தது. முன்பணம் கேட்டார்கள், கார்டுக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களிடம் கட்டுங்கள் என்றார்கள். நிறுத்தினால் வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும், கார்டு கம்பெனி வழக்குப் போடலாம், குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. அப்படியே முடிந்தாலும் கடன் வரலாற்றில் முழுதும் கட்டியதாகப் பதிவாகாது, செட்டில் செய்ததாகப் பதிவாகி பிற்பாடு எந்தக் கடனுக்குப் போனாலும் முன்னால் வந்து நிற்கும். மையத்தில் முன்பணம் என்ற பேச்சே எழவில்லை. திட்டத்தில் சேர்ந்தால் மாதாமாதம் சின்னக் கட்டணம் உண்டு, வருமானம் குறைவென்றால் விலக்கு. எனக்கு விலக்கினார்கள், ஆனால் அப்படி ஒரு விலக்கு இருப்பதை நான் கேட்ட பிறகே சொன்னார்கள்.

எல்லாக் கடனையும் ஒன்றாக்கி ஒரே லோன் எடுத்தால் என்ன என்றும் கேட்டிருந்தேன். வட்டி குறைந்தாலும் காலம் நீண்டால் மொத்தம் கூடிவிடலாம், காலியான கார்டுகள் பையில் இருந்தால் மறுபடி நிரம்பும் என்றார். இரண்டு நிமிஷத்தில் முடிந்த பேச்சு.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. மோசமான மாதக் கணக்குக்கும், பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் பேச வைத்ததற்கும் அந்த மூன்றரை. பிளைவுட் தடுப்புக்கும், விலக்கைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கும், மைனஸில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்புவதற்கும் ஒன்றரை போயிற்று. போகிறவர்கள் எல்லாக் கார்டின் கடைசி ஸ்டேட்மென்ட், ஒரு வருஷ வருமானம் மாதவாரியாக, வாடகை ரசீது, வசூல் ஆட்கள் அனுப்பிய கடிதங்கள் இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டேட்மென்டில் வட்டி சதவீதம் அச்சிட்டிருக்கும் பக்கமும் வேண்டும். நான் அதை விட்டுவிட்டுப் போயிருந்தால் அன்று பாதி வேலை நடந்திருக்காது. நேரம் வாங்கும்போதே ஃபோன் பேசும்போது உடன் இருப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். எல்லா ஆலோசகரும் அதைச் செய்வதில்லை.