டர்பனில் 5ஜி வீட்டு இணையம்: சாட்ஸ்வர்த் பகுதியின் மேடுபள்ளத்தில் எப்படி இருக்கிறது?

ஃபைபர் வராத தெருக்களுக்கு 5ஜி ரௌட்டர் நல்ல மாற்று. ஆனால் கடைக்காரர் காட்டும் கவரேஜ் வரைபடத்தை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். மேட்டு வீட்டுக்கும் பள்ளத்து வீட்டுக்கும் வேகம் மலைக்கும் மடுவுக்கும்.

காரணம் அலைவரிசை. வேகம் தருவது 3.5 கிகாஹெர்ட்ஸ்; ஆனால் சுவர், தகரக் கூரை, ஜன்னல் இரும்புக் கம்பி எல்லாம் அதை விழுங்கிவிடும். 2022 மார்ச் தென்னாப்பிரிக்க அலைவரிசை ஏலத்தில் விற்ற 700, 800 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு.

ரௌட்டரை டிவிக்குப் பின்னால் வைக்காதீர்கள். செல்போன் கோபுரம் பார்த்த ஜன்னலோரம், உயரத்தில் வையுங்கள். பிரவுசரில் திறக்கும் ரௌட்டர் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) -90 டிபிஎம்முக்கு மேல், அதாவது -80 போல, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னலின் தெளிவு) 15க்கு மேல் இருந்தால் நிம்மதி. எஸ்ஐஎன்ஆர் 5க்குக் கீழே என்றால், சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தாலும் மாலையில் வீடியோ திணறும். அப்போது வெளி ஆன்டெனா தேவை. கேபிள் நீண்டால் ஆதாயம் அதிலேயே போய்விடும்.

மின்வெட்டுக்குச் சிறு யூபிஎஸ் அவசியம். அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் இதுவும் உதவாது.

6ஜிக்காகக் காத்திருப்பது வீண். அது 2030 வாக்கில்தான். மாத ஒப்பந்தமாக எடுத்து, இரவு 8 மணிக்குச் சோதியுங்கள்.